துர்காபாய் அம்மையார் காட்டிய சேவை வழி



சென்ற குளிர்காலத்தில் கோயம்புத்தூர் கிளையிலிருந்து நம் அங்கத்தினர் ஒருவர் குடும்பத்துடன் டெல்லி வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து அவர்களை மெட்ரோவில் அழைத்து வந்தேன். தௌலா குவானில் இறங்கி, நீண்ட நடைமேம்பாலத்தைக் கடந்து, பிங்க் லைன் நிலையத்துக்கு வந்தோம். பெயர்ப்பலகையில் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸ் என்று எழுதியிருந்தது. யார் இந்த அம்மாள், மராட்டிய மந்திரி யாருடைய சம்சாரமோ என்று நண்பர் கேட்டார். 2018ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் வழியாகத் தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள். பலருடைய எண்ணமும் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த அம்மையார் மராட்டியர் அல்ல. கோதாவரிக் கரையில் ராஜமகேந்திரவரத்தில் பிறந்த தெலுங்குப் பிராமணப் பெண். நம் மயிலாப்பூரில் பல வருஷங்கள் வாழ்ந்து, சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாக வாதாடி, அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து, பிறகு டெல்லியில் இருந்துகொண்டு தேசம் முழுவதும் சேவை மையங்களை உண்டாக்கியவர். அவரைப் பற்றி இந்த இதழில் எழுத வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இளமைப் பருவம்

துர்காபாய் 1909ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் ராமராவ், தாயார் கிருஷ்ணவேணம்மா. தகப்பனாருக்குப் பொதுத் தொண்டில் ஈடுபாடு அதிகம். ஆனாலும் அந்தக் கால வழக்கப்படி எட்டு வயதிலேயே பெண்ணுக்கு விவாகம் செய்துவிட்டார்கள். விவரம் தெரிந்த வயதில் அந்த வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று துர்காபாய் சொல்லிவிட்டார். கணவரை வேறு விவாகம் செய்துகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். தகப்பனார் பெண்ணின் பக்கம் நின்றார். நூறு வருஷங்களுக்கு முன் ஒரு சாஸ்திரோக்தமான குடும்பத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் போதனை திணிக்கப்பட்டதை எதிர்த்துப் படிப்பை விட்டார். விட்டவர் சும்மா இருக்கவில்லை. தான் கற்ற ஹிந்தியை மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சிறு பாடசாலை ஆரம்பித்தார். அப்போது அவரே சிறுமி.

1921இல் மகாத்மா காந்தி காக்கிநாடாவுக்கு வந்தார். தேவதாசிப் பெண்களும் கோஷா அணிந்த முஸ்லிம் பெண்களும் அவரைச் சந்திக்க வேண்டும் என்று இந்தச் சிறுமி விரும்பினார். பொதுக்கூட்டத்துக்கு அவர்கள் வர முடியாது. ஐயாயிரம் ரூபாய் பணமுடிப்பு திரட்டினால் சில நிமிஷங்கள் ஒதுக்கலாம் என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் சொன்னார்கள். அந்தப் பெண்களைக் கொண்டே பணத்தைத் திரட்டிவிட்டார். சில நிமிஷங்களுக்கு வந்த காந்தி அதிக நேரம் தங்கிப் பேசினார். பேச்சைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவரும் துர்காபாய்தான். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். யாருக்கு உதவி தேவையோ அவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள், நாம்தான் அவர்கள் இருக்குமிடம் போக வேண்டும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் அவர் அமைத்த மையங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

1923இல் காக்கிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதையொட்டி நடந்த கதர்க் கண்காட்சியில் அவர் தொண்டர். டிக்கெட் இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது உத்தரவு. டிக்கெட் இல்லாமல் வந்த ஜவஹர்லால் நேருவையே பதினான்கு வயதுப் பெண் வாசலில் நிறுத்திவிட்டார். அமைப்பாளர்கள் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார். நேரு கோபித்துக்கொள்ளவில்லை, மெச்சினார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். தொண்டர் வேலை என்பது பொழுதுபோக்கு அல்ல, ஒப்புக்கொண்ட கடமை என்று அவர் நினைத்ததையே நான் இதில் பார்க்கிறேன். சம்பளம் வாங்கும் காவலாளியைவிட அவர் கண்டிப்பாக இருந்தார்.

சிறை தந்த பாடம்

1930இல் உப்பு சத்தியாக்கிரகம் ஆரம்பித்தது. சென்னையில் ஆந்திர கேசரி பிரகாசம் போன்ற தலைவர்களோடு துர்காபாயும் அதில் இறங்கினார். 1930க்கும் 1933க்கும் நடுவே மூன்று முறை சிறை சென்றார். வேலூர், மதுரை ஆகிய சிறைகளில் இருந்தார். மதுரையில் ஏறக்குறைய ஒரு வருஷம் தனிமைச் சிறை. உடல்நிலை மிகவும் கெட்டுப்போயிற்று.

அந்தச் சிறைகளில் அவர் பார்த்த பெண் கைதிகள்தான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பினார்கள். பெரும்பாலோர் எழுத்தறிவில்லாத ஏழைகள். பெரிய குற்றங்களுக்குத் தண்டனை பெற்றிருந்தார்கள். தங்கள் மீது என்ன வழக்கு, கோர்ட்டில் என்ன சொல்லியிருக்கலாம், யாரிடம் முறையிடலாம் என்பது ஒன்றும் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருந்ததில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு உதவுவதற்காகவே தான் சட்டம் படிக்க வேண்டும் என்று அங்கே அவர் முடிவு செய்தார்.

பசி, நோய், கடன் என்று துன்பங்கள் பல. எல்லாத் துன்பத்திலும் ஒரு பகுதி, எங்கே போவது யாரைக் கேட்பது என்று தெரியாத துன்பம். அதைத் தீர்க்கப் பணம் வேண்டாம், தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இதை அவர் புத்தகத்திலிருந்து கற்கவில்லை, சிறையில் கூட இருந்தவர்களிடம் கற்றார்.

இருபது வயதுக்கு மேல் பாதியில் விட்ட படிப்பை மறுபடி தொடங்கினார். தனியாகப் படித்துக் காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதினார். பிறகு ஆந்திர சர்வகலாசாலையில் அரசியல் சாஸ்திரம் படிக்க வால்டேர் போனார். அங்கே பெண்களுக்கு விடுதி கிடையாது. தன்னைப் போலப் படிக்க விரும்பும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தாங்களே ஒரு விடுதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். 1942இல் சென்னையில் சட்டப் பட்டம் பெற்று வக்கீல் தொழிலை ஆரம்பித்தார்.

மயிலாப்பூர் வீடு

சென்னைக்கு வந்ததும் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. மயிலாப்பூரில் அக்கம்பக்கத்துச் சிறு பெண்களைச் சேர்த்து ஹிந்தியும் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார். பள்ளிப் படிப்பு நின்றுபோன பெண்களைத் தன்னைப் போலவே காசி மெட்ரிகுலேஷனுக்குத் தயார் செய்தார். அந்த முயற்சியே 1930களின் இறுதியில் ஆந்திர மகிளா சபா ஆயிற்று. பிற்பாடு அதிலிருந்து பள்ளிக்கூடம், விடுதி, கைத்தொழில் கூடம், நர்ஸ் பயிற்சி, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாக வளர்ந்தன. இன்று அடையாறு பாலத்துக்கு அருகே ராஜா அண்ணாமலைபுரத்தில் துர்காபாய் தேஷ்முக் சாலையில் அவர் பெயரால் இருக்கும் ஆஸ்பத்திரியைச் சென்னை வாசகர்கள் பார்த்திருப்பார்கள்.

எனக்கு இதில் பிடித்தது வரிசைக்கிரமம்தான். முதலில் கட்டடம் கட்டி, பிறகு யாருக்கு என்ன தேவை என்று அவர் தேடவில்லை. தன்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு உடனடியாக வேண்டியிருந்ததைச் செய்தார். கட்டடம் பின்னால் வந்தது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கட்டட நிதிக்கு ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறோம்.

டெல்லியில்

1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். சபைக்குத் தலைவர் இல்லாத நேரங்களில் தலைமை வகிப்பவர்கள் பட்டியலில் இருந்த ஒரே பெண்மணி அவர். ராஜ்ய சபை அங்கத்தினருக்குக் குறைந்தபட்ச வயது 35 என்று நகலில் இருந்ததை 30 என்று குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஹிந்திக்காக இளமையிலேயே உழைத்தவர். ஆனாலும் தென்னாட்டாரின் மனம் புண்படும்படி மொழியைத் திணிக்கக் கூடாது என்று அந்தச் சபையில் எச்சரித்தார்.

1952 தேர்தலில் அவர் வெற்றி பெறவில்லை. ஆனால் நேரு அவரைத் திட்டக் கமிஷன் அங்கத்தினராக நியமித்தார். அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் சிந்தாமணி துவாரகாநாத் தேஷ்முக். ஐ.சி.எஸ். அதிகாரி. ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர். சம்ஸ்கிருதத்தில் நல்ல புலமை உள்ளவர். இருவரும் 1953 ஜனவரி 22ஆம் தேதி விவாகம் செய்துகொண்டார்கள். சாட்சிகளில் ஒருவர் நேரு. மெட்ரோ நிலையத்தில் உள்ள தேஷ்முக் என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

திட்டக் கமிஷனில் சமூக நலம் அவர் பொறுப்பு. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தன்னார்வ ஸ்தாபனங்களுக்கு உதவுவதற்காக நான்கு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகையை எப்படிச் செலவிடுவது என்பது கேள்வி. ஒரு மந்திரிசபை இலாகாவிடம் கொடுத்திருந்தால் டைரக்டர், துணை டைரக்டர், தலைமை குமாஸ்தா என்று வேலை நடந்திருக்கும். நானே அப்படிப்பட்ட ஆபீஸ்களில் முப்பது வருஷங்களுக்கு மேல் இருந்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அம்மையார் அதை விரும்பவில்லை. பணம் சர்க்காருடையதாக இருக்கட்டும், நிர்வாகம் பொதுமக்கள் கையில் இருக்கட்டும் என்றார். உத்தியோகஸ்தர் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக உள்ள மத்திய சமூக நல வாரியம் 1953 ஆகஸ்டில் பிறந்தது. அவரே முதல் தலைவர். 1954இல் மாநில வாரியங்கள் ஏற்பட்டன. அவற்றின் தலைவிகள் சம்பளம் வாங்காத பெண் தொண்டர்கள்.

ஊர்தோறும் ஒரு மையம்

நாடு முழுவதும் இருந்த தன்னார்வ ஸ்தாபனங்களில் பெரும்பாலானவை நகரங்களில்தான் என்பதை வாரியம் கண்டது. கிராமத்துப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் கேட்பாரில்லை. 1954இல் நல விரிவுத் திட்டங்கள் என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அதன் அமைப்பைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்குப் பயன்படக்கூடியது அதுதான்.

சுமார் 25 கிராமங்கள், ஏறத்தாழ இருபதாயிரம் ஜனத்தொகை சேர்ந்தது ஒரு திட்டம். அதற்குள் ஐந்து மையங்கள். ஒவ்வொரு மையத்திலும் ஒரு கிராம சேவிகா, ஒரு மருத்துவச்சி, தையல், நெசவு முதலியவை கற்றுக்கொடுக்க ஒருவர். இவர்களுக்குச் சிறு சம்பளம் உண்டு. காலையில் சிறு குழந்தைகளுக்குப் பால்வாடி, மத்தியானம் பெண்களுக்குக் கைத்தொழில், பிறகு எழுத்தறிவு வகுப்பு, நடுவில் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை, மாலையில் பஜனை, விளையாட்டு. இவற்றையெல்லாம் மேற்பார்வை பார்ப்பது உள்ளூரிலும் பக்கத்து ஊரிலும் உள்ள பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஒரு கமிட்டி. கமிட்டிக்குச் சம்பளம் கிடையாது. செலவில் ஒரு பங்கை உள்ளூரார் பணமாகவோ இடமாகவோ உழைப்பாகவோ கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை மிக முக்கியம். முழுச் செலவையும் சர்க்கார் கொடுத்தால் அது சர்க்கார் மையம், நம்முடையது இல்லை என்று ஜனங்கள் நினைப்பார்கள். ஒரு திண்ணையையோ ஒரு மூட்டை நெல்லையோ கொடுத்துவிட்டால் ஏன் இன்று திறக்கவில்லை என்று கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. நான் ரசாயனம் படித்தவன். கிரியா ஊக்கி என்று ஒன்று உண்டு. மிகச் சிறிய அளவே போதும், வினை வேகமாக நடக்கும். ஆனால் வினைபுரிய வேண்டிய பொருள்கள் அங்கே இருந்தாக வேண்டும். சர்க்கார் மானியம் கிரியா ஊக்கி, உள்ளூர் மனிதர்களின் அக்கறைதான் பொருள் என்று அம்மையார் கணக்குப் போட்டார் என்பது என் அபிப்பிராயம்.

ஏறக்குறைய அதே காலகட்டத்தில் இங்கிலாந்தில் வேறொரு விதமாக இதே எண்ணம் செயலாகியிருந்தது. 1939 செப்டம்பர் 3ஆம் தேதி அங்கே யுத்தம் பிரகடனம் ஆயிற்று. மறுநாளே சுமார் இருநூறு இடங்களில் பிரஜைகளுக்கான ஆலோசனை நிலையங்களைத் தொண்டர்கள் திறந்தார்கள். ரேஷன் புத்தகம், காணாமல்போன உறவினர், வீட்டு வாடகை, கடன் என்று எதைப் பற்றியும் அங்கே போய்க் கேட்கலாம். யுத்தம் முடிந்தும் அவை மூடப்படவில்லை, இன்றும் நடக்கின்றன. அங்கே வருபவரிடம் யாரும் ஜாதகம் கேட்பதில்லை. பொறுமையாகக் கேட்டு, எந்தக் காகிதம், எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் தேசத்தில் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாதவர்கள் அன்று அதிகம். ஆகவே அம்மையாரின் மையத்தில் மருத்துவச்சியும் ஆசிரியையும் நேரில் இருக்க வேண்டியிருந்தது.

குறைகளும் இருந்தன. பயிற்சி பெற்ற சேவிகாக்கள் போதுமான அளவு கிடைக்கவில்லை. 1952லேயே தொடங்கிவிட்ட சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் உத்தியோகஸ்தர்கள், ஒரே கிராமத்தில் இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்வானேன் என்று முணுமுணுத்தார்கள். பிறகு இரண்டையும் ஒருங்கிணைத்தார்கள். நாளடைவில் பல மையங்கள் உள்ளூர் மகளிர் மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. எங்கே அக்கறையுள்ள நாலு பெண்கள் இருந்தார்களோ அங்கே மையம் நிலைத்தது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்துக்கு முன்னோடிகளில் ஒன்று இந்தப் பால்வாடிகள்.

தன் அனுபவத்தைப் பிறருக்கு வழியாக்கியது

1958இல் வாரியம் இன்னொரு ஏற்பாடு செய்தது. பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுபோன வயதுவந்த பெண்களுக்குச் சுருக்கமான பாடத்திட்டம். விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஏழைக் குடும்பத்துப் பெண்கள் சுமார் இரண்டு வருஷத்தில் பரீட்சைக்குத் தயாராகி ஆசிரியையாகவோ நர்ஸாகவோ கிராம சேவிகாவாகவோ வேலைக்குப் போகலாம். மயிலாப்பூர் வீட்டில் சில பெண்களுக்காக நடத்திய வகுப்பு தேசம் முழுவதற்குமான திட்டமாயிற்று. தான் கஷ்டப்பட்டு ஏறிய மலைக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகப் படிக்கட்டு வெட்டியவர் என்று சொல்லலாம்.

அதே 1958இல் பெண் கல்விக்கான தேசியக் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். 1959இல் அறிக்கை வந்தது. பெண் கல்வியைத் தனிப் பிரச்னையாகக் கருதி விசேஷ கவனம் செலுத்த வேண்டும் என்று அது சொல்லிற்று. சீன தேசத்துக்குப் போய் வந்த பிறகு, குடும்ப வழக்குகளைச் சாதாரண கோர்ட்டில் இழுத்தடிக்காமல் தனி நீதிமன்றங்களில் சமரசமாகத் தீர்க்க வேண்டும் என்று நேருவிடமும் நீதிபதிகளிடமும் வற்புறுத்தினார். அதற்கான சட்டம் 1984இல்தான் வந்தது. அப்போது அம்மையார் இல்லை. டெல்லியில் முதல் குடும்ப நீதிமன்றம் துவாரகையில் திறக்கப்பட்டது 2009இல். நல்ல யோசனைக்கும் அது நிறைவேறுவதற்கும் நடுவே எவ்வளவு காலம் பாருங்கள்.

டெல்லியில் பார்வையற்றோர் நிவாரண சங்கத்தின் தலைவராகவும் அவர் இருந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி, விடுதி, தொழிற்கூடம் வளர உதவினார். லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் இருக்கும் அந்த வளாகத்தில் தீபாவளிக்கு முன்பு நடக்கும் சந்தைக்கு நம் டெல்லி அங்கத்தினர்கள் பலர் போய் மெழுகுவர்த்தி வாங்கியிருப்பீர்கள். அங்குள்ள ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கும் அவர் பெயர்தான். 1962இல் சமூக வளர்ச்சிக் கவுன்சில் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நிறுவினார். இன்றும் அது லோதி எஸ்டேட்டில் இயங்குகிறது. திட்டக் கமிஷன் 1968இல் வெளியிட்ட இந்திய சமூக சேவைக் கலைக்களஞ்சியத்தின் பின்னாலும் அவருடைய உழைப்பு உண்டு.

கணவர் 1962 முதல் 1967 வரை டெல்லி சர்வகலாசாலை துணைவேந்தராக இருந்தார். அதன் பிறகு தம்பதிகள் ஹைதராபாத் சென்றார்கள். அங்கேயும் மகிளா சபாவின் கல்லூரி, ஆஸ்பத்திரி, எழுத்தறிவு வேலை என்று ஓயவில்லை. 1975இல் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வருஷத்தில் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1981 மே 9ஆம் தேதி அம்மையார் காலமானார். தேஷ்முக் அடுத்த ஆண்டே போய்ச் சேர்ந்தார்.

வாரியம் என்ன ஆயிற்று

அம்மையாரின் காலத்துக்குப் பிறகும் வாரியம் பல காரியங்கள் செய்தது. 1980களில் தன்னார்வ ஸ்தாபனங்கள் மூலம் குடும்ப ஆலோசனை மையங்கள் தொடங்கப்பட்டன. குதுப் இன்ஸ்டிட்யூஷனல் ஏரியாவில் சமாஜ் கல்யாண் பவன் என்ற கட்டடமும் எழுந்தது. ஆனால் காலப்போக்கில் ஒவ்வொரு வேலைக்கும் சர்க்காரில் தனி இலாகாவே வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு மத்திய சமூக நல வாரியம் மூடப்பட்டது. ஏறக்குறைய எழுபது வயது.

செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அம்மையார் விட்டுப்போனது வாரியம் அல்ல. மனுவை நிரப்பவும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும், படிப்பை விட்ட பெண்ணை மறுபடி படிக்க வைக்கவும் உள்ளூரில் நாலு பேர் வாரத்தில் சில மணி நேரம் உட்கார வேண்டும் என்ற பழக்கம்தான் அவர் விட்டுப்போன சொத்து. வாரியத்தை ஒரு உத்தரவால் மூடலாம். பழக்கத்தை நாமாக விட்டால் ஒழிய யாரும் மூட முடியாது.

நம் கதை

இப்போது முதலில் சொன்ன இன்னொரு காரணத்துக்கு வருகிறேன்.

எங்கள் காலனியில், என் வீட்டிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி, ஒரு மாமி தனியாக இருக்கிறார். கணவர் மத்திய சர்க்காரில் வேலை பார்த்துக் காலமானவர். மாமிக்கு 84 வயது, குடும்ப பென்ஷன் வருகிறது. எண்பது வயது நிறைந்தால் குடும்ப பென்ஷனில் இருபது சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது 2006 முதல் இருக்கிற விதி. மாமிக்கு அது வரவில்லை. காரணம், பென்ஷன் உத்தரவில் அவருடைய பிறந்த தேதி எழுதப்படவில்லை. அப்படி ஒரு விதி இருப்பதே மாமிக்குத் தெரியாது. தற்செயலாக என் மனைவியிடம் மருந்துச் செலவைப் பற்றிப் பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வயதுக்கான அத்தாட்சியுடன் ஒரு விண்ணப்பம் எழுதினோம். சில மாதங்களில் பாக்கியெல்லாம் சேர்த்து வந்தது.

மாமி என்னை வாயார ஆசீர்வதித்தார். எனக்கோ வெட்கமாக இருந்தது. பென்ஷன் விதிகளை மனப்பாடமாக அறிந்த நான் நாலு வருஷமாக இரண்டு கட்டடம் தள்ளி இருந்தேன். கோயிலில் வாராவாரம் பார்த்துக்கொண்டோம். சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன். மாமி அந்த நாலு வருஷமும் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலூர் சிறையில் அம்மையார் பார்த்த பெண்களின் துன்பத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் வியாதி அதேதான், எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாதது.

அதன் பிறகு நாங்கள் ஓய்வுபெற்ற மூன்று பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கோயில் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேஜை போட்டு உட்காருகிறோம். நவம்பரில் உயிர்ச் சான்று, வங்கியில் நாமினேஷன், மருத்துவ அட்டை, உயில், பத்தாவதுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று எதுவானாலும் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததை விசாரித்து அடுத்த வாரம் சொல்கிறோம். எங்கள் ஜாதியா, எங்கள் பாஷையா என்று பார்ப்பதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்கள், காவலாளிகள், பூக்காரர் எல்லோரும் வருகிறார்கள். தேவதாசிகளையும் கோஷாப் பெண்களையும் தேடிப்போன பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கதையைப் படித்துவிட்டு, நாம் மட்டும் கோத்திரம் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாயிராது.

பல கிளைகளில் உதவி மையம் திறக்கலாமா என்ற பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க நிதி இல்லை என்பது பொதுவான தடை. அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து மூன்று விஷயங்களை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். கட்டடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும். சம்பளம் இல்லாத வேலை என்பதால் நினைத்தபோது வரலாம் என்று இருக்க வேண்டாம். சொன்ன நேரத்துக்குத் திறக்காத மையம் இல்லாத மையத்தைவிட மோசம். மூன்றாவதாக, வருகிறவர்களுக்காகக் காத்திருப்பதோடு நிற்காமல், வெளியே வராதவர்களின் வாசலுக்கு மாதம் ஒரு முறையாவது போங்கள். உண்மையில் உதவி வேண்டியவர் பெரும்பாலும் கேட்கமாட்டார்.

நான் அந்த மெட்ரோ நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் பெயர்ப்பலகையை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். எங்களுக்கு நாலாவதாக உட்கார ஒருவர் தேவை. டெல்லியில் இருக்கும் அங்கத்தினர்கள் யாராவது ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் வந்து சேரலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே முதல் மேஜையைப் போடுங்கள்.